சங்கராபுரத்துக்கு விண்டோஸ் வந்த கதை

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப ஜெராக்ஸ் கடை அண்ணன் கையப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதப் பாரு"ன்னு மானிட்டரைக் காட்டினார். விண்டோஸ் 10. வலது மூலையில வெளிறிப்போன எழுத்துல "ஆக்டிவேட் விண்டோஸ்". அது பல வருஷமா அங்கதான் இருக்கு, அவருக்குப் பிரச்சனை அது இல்லை. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்னுபோச்சே, 11க்கு மாத்தணுமா, மாத்தினா அந்த எழுத்து போகுமா, வேற ஏதாவது கேக்குமா, இதுதான் கேள்வி.

"பார்த்துச் சொல்றேன்ணே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போதுதான் தோணுச்சு, எங்க ஊருல காசு குடுத்து விண்டோஸ் வாங்கின ஒரு ஆளையாவது எனக்குத் தெரியுமா? தெரியாது! அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்னு இந்தப் பதிவு.

ஆரம்பத்துல இதுல பெரிய பூட்டெல்லாம் கிடையாது. விண்டோஸ் 95 சிடியோட வந்த சாவியில முதல்ல மூணு இலக்கம், அப்புறம் ஏழு இலக்கம். அந்த ஏழையும் கூட்டினா 7ஆல மீதியில்லாம வகுபடணும், அவ்வளவுதான் சோதனை. ஏழு தடவை 1ஐ அழுத்தினா கூட்டுத்தொகை 7. கதவு திறந்துடும். நம்ம ஊரு டிரங்குப் பெட்டிப் பூட்டே இதைவிட உறுதி.

2001 அக்டோபர் 25ல எக்ஸ்பி வந்தப்பதான் ஆட்டம் மாறுச்சு. 25 எழுத்துச் சாவி போட்டா மட்டும் போதாது, 30 நாளுக்குள்ள மைக்ரோசாஃப்ட்கிட்ட "இந்த மெஷின்லதான் போட்டிருக்கேன்"னு பதிவு பண்ணணும். இண்டர்நெட் இல்லன்னா போன்ல. திரையில தெரியற நீளமான எண்ணை அங்க படிச்சுக் காட்டணும், அவங்க 42 இலக்கம் திருப்பிச் சொல்லுவாங்க, அதைத் தப்பில்லாம அடிக்கணும். அந்த நீள எண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு ஃபுல்லி லைசென்ஸ்டுங்கற ஜெர்மன் கம்பெனி 2001லயே பிரிச்சு மேஞ்சிடுச்சு. ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர், மெமரின்னு பத்து உறுப்புகளோட சுருக்கமான அடையாளம். அதுல ஒரு அளவுக்கு மேல மாறிட்டா, "இது வேற மெஷின், மறுபடி பதிவு பண்ணு"ன்னு சொல்லிடும்.

பூட்டு நல்ல பூட்டுதான். ஆனா பெரிய நிறுவனங்கள் ஆயிரம் மெஷினுக்கும் போன் பண்ணிட்டு இருக்க முடியாதுன்னு, அவங்களுக்கு மட்டும் ஆக்டிவேஷனே கேக்காத சாவி குடுத்தாங்க. அதுல ஒண்ணு எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளியில கசிஞ்சுடுச்சு. எஃப் சி கே ஜி டபிள்யூன்னு ஆரம்பிக்குமே, அதேதான். உங்கள்ல பாதிப் பேருக்கு மிச்ச இருபது எழுத்தும் இன்னும் மனப்பாடமா இருக்கும், மறைக்காதீங்க :-) 2002 செப்டம்பர்ல வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியை ஏத்துக்கல. உடனே சாவியை மாத்தறதுக்குன்னே குட்டி குட்டி மென்பொருள் வந்தாச்சு.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். விண்டோஸ் 98ல தமிழ் யூனிகோட் ஒழுங்கா வராது. 2000லயும் எக்ஸ்பிலயும்தான் லதா எழுத்துருவோட கொம்பும் காலும் அதது இடத்துல உக்காந்துச்சு. எக்ஸ்பிலயும் அது தானா வராது. கண்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிப் பகுதியில ஒரு கட்டத்தை டிக் பண்ணணும். பண்ணினா "சிடியைப் போடு"ன்னு கேக்கும். பிரவுசிங் சென்டர்ல சிடிக்கு எங்க போறது? அந்தக் காலத்துல வலைப்பதிவு ஆரம்பிச்ச சீனியர்கள் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்கள்ல பலர் 98ல இருந்து எக்ஸ்பிக்கு மாறினதே கட்டம் கட்டமா தெரிஞ்ச தமிழைப் படிக்கத்தான். அந்த எக்ஸ்பி எந்தச் சாவில ஓடுச்சுன்னு நான் கேக்கல. இணையத்துல தமிழ் வளர்ந்ததுல திருட்டுச் சாவிக்கும் ஒரு பங்கு உண்டுன்னு எழுத எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. அதுக்காக இல்லன்னு சொல்லிட முடியுமா?

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்கல. 2005 ஜூலையில இருந்து, டவுன்லோட் பண்ணணும்னா உன் விண்டோஸ் அசல்தான்னு காட்டுன்னாங்க. 2007 ஜனவரில வந்த விஸ்டா இன்னும் கறார். கெடு தாண்டினா பிரவுசர் மட்டும் திறக்கும், ஒரு மணி நேரத்துல அதுவும் வெளிய தள்ளிடும். அதே வருஷம் ஆகஸ்ட் 24ல கூத்து நடந்துச்சு. சரிபார்க்கற சர்வர் சொதப்பி, காசு குடுத்து வாங்கினவங்களையே போலின்னு சொல்லிடுச்சு! கிட்டத்தட்ட ஒரு நாள் அந்தக் கோலம். 2008 அக்டோபர்ல போலி எக்ஸ்பிகளோட வால்பேப்பரை மணிக்கொரு தடவை கறுப்பாக்கினாங்க. சீனாவுல பெரிய சத்தமே கிளம்புச்சு. நம்ம ஊர்ல? கறுப்புத் திரையில ஐகான் நல்லா தெரியுதுன்னு விட்டுட்டிருப்பாங்க.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டுல வேற ஒரு முயற்சி நடந்துட்டு இருந்துச்சு. 2006-07 வாக்குல, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, எல்காட் தன்னோட கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாத்துச்சு. 2007 ஜனவரில சி-டாக் நிறுவனத்தோட பாஸ் லினக்ஸ் வந்துச்சு. டெபியனை அடிப்படையா வெச்சு, இந்திய மொழிகளுக்காகச் செஞ்சது. சென்னையில நடந்த வேலை. சாவி கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது.

அப்புறம் 2011 செப்டம்பர் 15, விலையில்லா மடிக்கணினித் திட்டம். அஞ்சு வருஷத்துல 68 லட்சம் பேருக்குன்னு அறிவிப்பு, முதல் வருஷம் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல. அதுல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. ஆன் பண்ணினா எது வேணும்னு கேக்கும். கல்வராயன் மலை அடிவாரத்து அரசுப் பள்ளியில படிச்ச, பரம்பரையில யாரும் கம்ப்யூட்டரைத் தொடாத பசங்க கையில முறையான லைசென்ஸோட ஒரு இயங்குதளம், லைசென்ஸ் காசே தேவைப்படாத இன்னொரு இயங்குதளம். யோசிச்சா எவ்வளவு பெரிய விஷயம்!

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பிளஸ் டூவுல எனக்கும் ஒண்ணு வந்துச்சு. மூடியில அரசு முத்திரை, புது பிளாஸ்டிக் வாசனை. ரெண்டே வாரத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கேம் ஓடல, அதான் காரணம். கடைக்காரர் "இதெல்லாம் கவர்மெண்ட் சாஃப்ட்வேர் தம்பி, ஸ்லோ"ன்னு சொல்லி மொத்தத்தையும் ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் குடுத்தார். இருநூறு ரூபா. லினக்ஸும் போச்சு, அரசாங்கம் காசு குடுத்து வாங்கின அசல் விண்டோஸும் போச்சு. திருட்டு விண்டோஸை நான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்! என் வகுப்புல முக்கால்வாசிப் பேர் கதை இதேதான். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, தப்பு என் பேர்லயும் இருக்கு.

அவர் போட்டது எப்படி வேலை செஞ்சுதுன்னு இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் புரிஞ்சுது. பெரிய கம்பெனி மெஷின்களோட பயாஸ்ல 'ஸ்லிக்'னு ஒரு அட்டவணை இருக்கும். அதைப் பார்த்தா விண்டோஸ் 7 "நம்ம வீட்டுப் புள்ளதான்"னு கேள்வி கேக்காம உள்ள விட்டுடும். லோடர்ங்கறது விண்டோஸ் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே மெமரில அந்த அட்டவணையைப் போலியா எழுதி வெச்சுடும். இன்னொரு வழி கேஎம்எஸ். அலுவலகத்துக்குள்ளயே இருக்கற ஒரு சர்வர் 180 நாளுக்கு ஒப்புதல் குடுக்கற ஏற்பாடு. அதையும் போலியா செஞ்சாச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப எழுத்து வரும், கடைக்குப் போவோம். ஜாதகம் பார்க்கப் போற மாதிரி.

2014 ஏப்ரல் 8ல எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னப்ப தமிழக அரசு தன்னோட துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. ஆனா நீங்க இன்னிக்கு எந்த அலுவலகத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க, விண்டோஸ்தான் கண்ணுல படும். சோம்பேறித்தனம்னு நானும் நெனச்சேன். ஜெராக்ஸ் கடை அண்ணன் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்தப்புறம்தான் விஷயம் விளங்குச்சு. அவர் மனு அடிக்கறது வானவில் எழுத்துருவுல, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில. விரல் இருபது வருஷமா அதுக்குப் பழகிடுச்சு. எழுத்துருவை லினக்ஸுக்குக் கொண்டு போயிடலாம், அந்தத் தட்டச்சு மென்பொருள் விண்டோஸுக்குன்னே செஞ்சது. இந்த விரலை யாரும் கணக்குல எடுக்கல.

இப்ப அவர் மெஷினுக்கு வருவோம். 11 கேக்கற டிபிஎம் 2.0 அதுல இல்லை, பிராசஸரும் பட்டியல்ல இல்லை. சுத்து வழி இருக்கு, ஆனா நாளைக்கு எந்த அப்டேட்ல மக்கர் பண்ணும்னு தெரியாது. புது மெஷின் வாங்கினா முப்பதாயிரத்துக்குக் கிட்ட ஆகும், ஒரு பக்கம் ரெண்டு ரூபான்னு எத்தனை ஜெராக்ஸ் எடுக்கணும்? அப்படியே விட்டாலும் பயம். ஊர்ல பாதிப் பேரோட ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்லதான் கிடக்கு. இதைச் சொன்னதும்தான் அண்ணன் முகம் மாறுச்சு. "நான் அழிச்சுடுவேனே தம்பி"ன்னார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். 2019ல இருந்து எல்லாம் இருந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அன்னிக்கு ராத்திரி அதை மட்டும் அழிச்சோம்.

பொங்கலுக்குப் போகும்போது லினக்ஸ் மிண்ட் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். இப்போதைக்கு விண்டோஸையும் பக்கத்துலயே வெச்சுட்டு. பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையை லினக்ஸ்ல யூனிகோடுக்கு ஓட்டிப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க மக்கா. வானவில்ல அடிச்ச பழைய மனுக்களை மொத்தமா மாத்தற வழி தெரிஞ்சாலும் சொல்லுங்க, ஆயிரக்கணக்குல வெச்சிருக்கார் மனுஷன்.