மருத்துவ உதவியாளர்

தொழிலாளர், பொருளாளர் என்னும் சொற்களில் 'ஆளர்' என்ற ஈறு அந்தந்தப் பொறுப்பை ஆள்பவரைச் சுட்டுகிறது. உதவியாளர் மட்டும் வழக்கில் இன்னொருவருக்குக் கீழே இறங்கிவிட்டார். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையின் வண்டியில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தப் பெயர்தான். (ஓட்டுநரைப் 'பைலட்' என்கிறார்கள், அவருக்காவது மிடுக்கான பெயர்.) வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் வளைவுகளில், பாம்பு கடித்த காலை அசையாமல் கட்டி, ஒரு கையால் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்தபடி மறு கையால் நாடி பார்ப்பவர் யாருக்கு உதவியாளர்? வண்டியில் மருத்துவரே இல்லையே.

தொலைபேசியில் மருத்துவர் வழிகாட்டுகிறார், ஆகவே சொல் சரிதான் என்பார்கள். வழிகாட்டல் வெளிநாட்டிலும் உண்டு. ஆனாலும் பிரிட்டனில் இந்த வேலையைச் செய்பவருக்குப் 'பாராமெடிக்' என்று பெயர்; பதிவு பெறாதவர் அப்படிச் சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இந்தப் பணிக்குத் தேசிய அளவில் நான்கு படிகள், படிக்கொரு பெயர். 'பாரா' என்ற கிரேக்க முன்னொட்டுக்குப் 'பக்கத்தில்' என்று பொருள்; 'கீழே' என்றல்ல. நாமோ 'பாராமெடிக்கல்' என்பதைத் 'துணை மருத்துவம்' ஆக்கி, ஆய்வகம், எக்ஸ்ரே படிப்புகளுக்கும் பொதுவாக்கிவிட்டோம். செவிலியர் படிப்பு முடித்தவரும், அறிவியல் பட்டத்தோடு சில வாரப் பயிற்சி பெற்றவரும் 108-இல் ஒரே 'உதவியாளர்'. அடுத்த படி எது என்று கேட்டால், அதற்குச் சொல்லே இல்லை.