அப்பச்சோடாவும் வாப்பாவின் ஏப்பமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன நோன்பில் ஓர் இரவு வாப்பாவுக்கு நெஞ்சில் இறுக்கம். "கேஸ்தான் மகன், நோன்பு திறக்கக்குள்ள ரோல்ஸ் கூடச் சாப்பிட்டுட்டேன்" என்றார். உம்மா வழமைபோல அப்பச்சோடா கரைத்துக் கொடுத்தார். பெரிய ஏப்பம் வந்தது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம். விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, அது மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்த வெள்ளைத் தூளின் வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

அமிலத்தை முறிக்கும் பொருளுக்கு 'அல்கலி' என்று ஒரு பெயர் உண்டு. அது அறபுச் சொல்லில் இருந்து வந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைத்தான் அறபிகள் அப்படி அழைத்தார்கள். சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை நீண்டகாலம் அந்தச் சாம்பலில் இருந்து எடுத்தார்கள். 1791 இல் பிரான்சின் நிக்கோலா லெப்ளாங், கறியுப்பில் இருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1801 இல் பேர்லின் மருந்தாளர் வலென்டின் ரோஸ் சோடியம் இருகாபனேற்றைக் கண்டறிந்தார். அதுதான் நமது அப்பச்சோடா. 1846 இல் நியூயோர்க்கில் ஜோன் டுவைட்டும் ஒஸ்டின் சேர்ச்சும் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். மாவைப் பொங்க வைக்க அடுப்படிக்கு வந்த தூள், வீட்டு மருந்தாகவும் ஆனது.

அது ஏன் வேலை செய்கிறது? இரைப்பையில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை லண்டன் வைத்தியர் வில்லியம் பிரவுட் 1824 இல் வெளியிட்டார். சோடா அந்த அமிலத்தோடு சேர்ந்தால் உப்பு, நீர், காபனீரொட்சைட்டு வாயு மூன்றும் உண்டாகும். எரிவு தணியும், ஏப்பம் வரும்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். அந்த ஏப்பம் உள்ளே அடைபட்டிருந்த கேஸ் அல்ல. சோடாவே வயிற்றில் உண்டாக்கிய வாயு. நெஞ்சு வலி இதயத்தால் வந்திருந்தாலும் சோடா குடித்தால் ஏப்பம் வரும்.

பெரிய வைத்தியர்களும் இந்தத் தூளை நம்பியவர்கள்தான். 1915 இல் சிக்காகோவின் பேர்ட்ரம் சிப்பி, குடற்புண்ணுக்குப் பாலும் கிறீமும் மணிக்கொரு தடவை கொடுத்து, இடையில் சோடா கலந்த தூள்களையும் கொடுத்தார். பலருக்கு வலி குறைந்தது. ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 1923 இல் பதிவானது. 1976 இல் அமிலச் சுரப்பையே குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை வந்தது. பிறகு, பெரும்பாலான குடற்புண்ணுக்கு ஒரு பக்டீரியாவே காரணம் என்று அவுஸ்திரேலியாவின் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் காட்டினார்கள். மார்ஷல் 1984 இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உம்மாவின் வைத்தியத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. எப்போதாவது வரும் நெஞ்செரிவுக்கு அது உதவும். ஆனால் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் சுமார் 1200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர், இதய, சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனும் குடிக்க வேண்டாம்.

நெஞ்சு இறுகி, வியர்த்து, கை அல்லது தாடை வலித்தால் சோடாப் போத்தலைத் தேடாதீர்கள். 1990 க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஏப்பம் வந்துவிட்டது என்று படுத்துவிடாதீர்கள். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.