எல்டாப் தேடலில் & ஏன் முன்னாடி நிக்குது?

டைரக்டரியில் ஆள் தேடுகிற புரோகிராம் எழுதியவர்களுக்கு இந்த வடிவம் தெரிந்திருக்கும். புலங்களின் பெயரை மட்டும் தமிழில் போட்டிருக்கேன்:

(&(துறை=கணக்கு)(பெயர்=ரா*))

கணக்குத் துறையில் ‘ரா’ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘இதுவும் அதுவும்’ என்று நடுவில் வரவேண்டிய & ஏன் முதலில் வருது?

1988-ல் எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரம் வந்தது. அதை அணுக ஓஎஸ்ஐ அடுக்குகள் முழுக்க வேண்டும். அன்றைய மேசைக் கணினிக்கு அது பெரிய சுமை. டிசிபி மேலேயே ஓடும் மெலிந்த வழியாக 1993 ஜூலையில் ஆர்எஃப்சி 1487 வெளியானது. எழுதிய மூவரில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸ். எல்டாப் பிறந்த கதை இதுதான்.

நெட்வொர்க்கில் போகும்போது இந்தத் தேடலில் அடைப்புக்குறியே கிடையாது. முதலில் ‘எல்லாம் பொருந்தணும்’ என்பதற்கான அடையாள எண், பிறகு நிபந்தனைகள். ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளம். அதே ஆண்டு டிசம்பரில் ஹோவ்ஸ் ஆர்எஃப்சி 1558-ல் இதற்கு மனிதர் படிக்கிற எழுத்து வடிவம் கொடுத்தார். வரிசை அதேதான்: அடையாளம் முன்னே, நிபந்தனைகள் பின்னே. ஒரே & பத்து நிபந்தனைகளையும் தாங்கும்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். துறையின் பெயரே ‘கணக்கு (இரவு)’ என்றிருந்தால்? அடைப்புக்குறிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடச் சொன்னது 1558. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2254 அதை மாற்றி, ( என்பதை \28 என்றும் ) என்பதை \29 என்றும் எழுதச் சொன்னது. நட்சத்திரக் குறிக்கும் இப்படி ஒரு எண் உண்டு.

பயனர் தட்டியதை அப்படியே சரத்தில் ஒட்டும் புரோகிராமில், பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் வெறும் * தட்டினால் போதும், எல்லாருமே பொருந்திடுவாங்க. ) தட்டத் தெரிந்தவர் கேள்வியையே மாற்றிவிடலாம். இதற்கு எல்டாப் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். பொட்டலத்துக்குள் சமன் நிபந்தனையின் மதிப்பாகப் போகும் * வெறும் ஓர் எழுத்து. அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. நம் வசதிக்காக வந்த எழுத்து வடிவம்தான் அதற்கு அதிகாரம் கொடுத்தது.

விதி 1997-லேயே தெளிவு. ஆனால் மதிப்பை அப்படி மாற்றித் தரும் ஃபங்ஷன் பிஎச்பி மொழிக்குள் வந்தது 2014-ல், 5.6 பதிப்பில். நடுவில் 17 வருஷம், அவரவர் கையால் எழுதிக்கிட்டாங்க, இல்லாட்டி எழுதாமலே விட்டாங்க. அந்தப் பழைய நிரல்களில் சில இன்னும் எங்கேயாவது ஓடிட்டுத்தான் இருக்கும்.