முகச் சவரமும் சவர்க்காரமும்

துணி வெளுக்கும் தொட்டியில் செயற்கைத் தூளிடம் தோற்ற சவர்க்காரம், ஆடவர் முகத்தில் மட்டும் தோற்கவில்லை. இதன் காரணம் யாது?

கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் வித்தை மிகப் பழையது. அங்கே நிகழ்வது இன்னதென விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரல். 1823-இல் வெளியான அவருடைய நூல், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கூடிய பொருளென நிலைநாட்டிற்று. சவரக் கட்டிக்கு உயிரான ஸ்டியரிக் அமிலத்தை வகுத்துக் காட்டியவரும் அவரே.

சவர்க்காரத்துக்கு ஒரு குறை உண்டு. சுண்ணாம்பு உப்பு மிகுந்த நீரில் அது நுரைக்காமல் கசடாகத் திரியும். முதல் உலகப் போரில் ஜெர்மனியைக் கொழுப்புப் பஞ்சம் வாட்டியது. உண்ணக் கிடைக்காத கொழுப்பைக் குளிக்க யார் கொடுப்பர்? அப்பஞ்சத்தில் பிறந்தது நெக்கால் என்னும் செயற்கைப் பொருள். நெசவாலைக்கு உதவியதேயன்றி அழுக்கை அது நன்கு நீக்கவில்லை. பின்னர் கெம்னிட்ஸ் நகரில் பெர்ட்ஷ் என்பார் முயற்சியால் கொழுப்பு ஆல்ககால் சல்பேட்டு உருவாகி, 1932-இல் ஃபேவா என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் 1933-இல் டிரெஃப்ட், 1946-இல் டைட். அதன்பின் சலவைக்குச் சவர்க்காரம் தேடுவோர் அங்கே அருகினர்.

ஆனால், சவர நுரையின் வேலை அழுக்கு நீக்குவதன்று. தாடி உரோமம் நீரை உறிஞ்சி இளகச் சில நிமிடம் வேண்டும். அதுவரை நுரை நீரைப் பிடித்துக்கொண்டு முகத்தில் நிற்க வேண்டும். கத்தியும் வழுக்கிச் செல்ல வேண்டும். லாரில் சல்பேட்டு நுரை சடுதியில் பொங்கும், சடுதியில் வடியும். தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்தெடுத்துவிடும். ஸ்டியரிக் சவர்க்காரமோ மெல்ல எழுந்து, நுண்குமிழிகளாகத் தடித்து நிற்கும். பொட்டாசியக் காரம் நுரையை எளிதாக்கும், சோடியக் காரம் கட்டியை இறுக்கும். இரண்டையும் அளவறிந்து கலப்பதிலேதான் சவரக் கட்டி செய்வோரின் கைத்திறம் இருக்கிறது.

1919-இல் பார்பசால், 1925-இல் பர்மா-ஷேவ் எனப் பிரஷ் வேண்டாத பசைகள் வந்தன. 1950-ஐ ஒட்டி, அழுத்தினால் நுரை பீச்சும் தகரக் குப்பி வந்தது. பார்வைக்குப் புதுமைதான், உள்ளே இருப்பதோ பெரும்பாலும் அதே ஸ்டியரிக் அமிலம், டிரைஎத்தனாலமீன் என்னும் காரத்தோடு கூடிய சவர்க்காரம்! செயற்கைப் பொருள் துணைக்குச் சிறிதே சேரும். சவர்க்காரத்தின் கார இயல்பு எல்லார் தோலுக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அத்தகையோர்க்குச் சவர்க்காரம் கலவாத பசை நல்லது. நுரை சற்றுக் குறைந்தால் என்ன?

போட்டியாளர் இருவருக்கும் இன்று தாய்வீடு பெரும்பாலும் ஒன்றே. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக வேரூன்றிய செம்பனையின் பழச்சதை எண்ணெயிலிருந்து ஸ்டியரிக் அமிலமும், அதன் பருப்பெண்ணெயிலிருந்து லாரில் ஆல்ககாலும் கிடைக்கின்றன.