வைசோவா, ஹெல்கா: பிறந்தநாள் வாழ்த்து ஓவியம்

யூத இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பிய செக் ஓவியர் ஹெல்கா வைசோவா, 1929இல் பிராக் நகரில் பிறந்தவர். 1941 டிசம்பரில் பெற்றோருடன் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டார். கையோடு கொண்டுபோன நீர்வண்ணங்களால் முதலில் பனிமனிதனை வரைந்தார். கண்ணால் காண்பதை வரையச் சொன்னார் தந்தை. அதன்பின் முகாம் வாழ்க்கையே அவர் தாள்களில் பதிந்தது.

அவற்றுள் நெஞ்சை உலுக்குவது, 1943இல் தோழியின் 14ஆம் பிறந்தநாளுக்குத் தீட்டிய வாழ்த்துப் படம். அதில் மூன்று காட்சிகள்: 1929இல் மகப்பேறு மருத்துவமனையில் இரு பச்சிளங் குழந்தைகள், 1943இல் முகாமின் அடுக்குக் கட்டிலில் இரு சிறுமியர், எதிர்காலக் கனவாக 1957இல் பிராக்கில் குழந்தை வண்டி தள்ளிச்செல்லும் இரு தாய்மார். தோழி ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார்.

1944இல் ஹெல்காவும் அங்கே அனுப்பப்பட்டபோது, உறவினர் ஒருவர் ஓவியங்களைத் தெரேசினில் சுவருக்குள் வைத்துப் பூசி மறைத்தார். போர் முடிந்ததும் அவை மீட்கப்பட்டன.