பஸ்ஸில் போகும் வெளிநாடு

சீமைக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஒரு மதுக்கடையாவது வராமல் இராது. மியூனிச் நகரத்தில் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்று ஒரு பீர் மாளிகை. 1589-இல் பவேரியக் கோமகன் தம் அரண்மனைக்கென்று ஏற்படுத்தியது. உள்ளூர்ச் சரக்கை உள்ளூர் ஜனங்களோடு உட்கார்ந்து குடிப்பதில்தான் பிரயாணத்தின் ருசியே இருக்கிறதாம்.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கடலூரில் பஸ் ஏறினால் போதும்.

"வெளிநாடு போய்விட்டு வரலாமா?" என்று கடலூர் நண்பர் ஒருவர் என்னை அழைத்தார். அது அவருடைய தகப்பனார் காலத்துப் பேச்சு. அன்று அது வேடிக்கையல்ல, நிஜம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி சென்னை மாகாணம் முழுவதையும் தழுவிவிட்டது. ஆனால் கடலூருக்குச் சில மைலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் எல்லை. அங்கே கள்ளும் சாராயமும் தாராளம். சுங்கச் சாவடியைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். வயிற்றுக்குள் இருப்பதைச் சுங்க அதிகாரி என்ன செய்வார், பாவம்!

1954 நவம்பர் முதல் தேதி புதுவை இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சாவடி போயிற்று, கடை போகவில்லை. தமிழ்நாட்டிலும் காலம் மாறி, இன்று சர்க்காரே மதுக்கடை நடத்துகிறது. ஆயினும் கள்ளுக்கு மட்டும் 1987 முதல் அங்கே தடை. ஆகவே கள் விரும்பிகளுக்குப் புதுவை இன்றைக்கும் வெளிநாடுதான்.

முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி முதலியார்பேட்டையில் இறங்கினோம். கீற்றுக் கொட்டகை ஒன்றில், காலையில் மரத்திலிருந்து இறக்கிய கள். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானே பொங்கிப் புளித்துக் கள். ஆலையும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். நண்பர் ஒரு குவளையை முடித்துவிட்டு, "மியூனிச் தோற்றது!" என்றார். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். புளிப்பும் இனிப்புமாக, நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு பெரியவர். ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். 1898-இல் தொடங்கிய அந்த ஆலை 2020-இல் அடியோடு மூடப்பட்டது.

"எங்க தாத்தா சவானா மில்லு, சார். சுட்டாங்களே, அன்னிக்கு உள்ளே இருந்தாராம்" என்றார்.

1936 ஜூலை 30-ஆம் தேதி நடந்ததைத்தான் சொன்னார். கூலி உயர்வும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸார் சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகே, 1937-இல், எட்டு மணி நேரம் சட்டமாயிற்று.

"சம்பள நாளில் இங்கே கூட்டம் அதிகமாக இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

பெரியவர் குவளையைக் கீழே வைத்தார். "பொம்பளைங்க கேட்டாண்ட வந்து நிப்பாங்க, சார். என் பொஞ்சாதியும் நிப்பா, இடுப்புல புள்ளையோட. நான் கூட்டத்துல பூந்து வேற பக்கமா வந்துடுவேன். அவங்க உசிரைக் குடுத்து எட்டு மணி நேரம் வாங்கித் தந்தாங்க. மிச்ச நேரத்தை நான் இங்க கொண்டாந்து வெச்சேன்."

அவர் அழவில்லை, எங்களிடம் காசும் கேட்கவில்லை. நண்பர் இரண்டாவது குவளையைத் தொடவே இல்லை.

கள்ளின்மேல் எனக்குக் கோபமில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் வெளிநாடு வருகிறவனுக்கு அது ஓர் உல்லாசம். இந்த ஊரையே வீடாகக் கொண்டவனுக்கோ, அதே குவளைக்கு விலை வேறு. பிரயாணக் கட்டுரை எழுதுகிற நாம் முதல் விலையை மட்டுமே எழுதுகிறோம்.

பஸ் ஏறுமுன் மில் வாசலைப் பார்த்தேன். இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளிருந்து வருவதற்கு இனி ஒருவருமில்லை. ஆயினும் அந்தக் கதவோரத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது.