முதலில் தண்ணீர்

எங்கள் ஊர் வாடிப்பட்டியில் யாராவது போர் போட்டால் தெருவே கூடி நிற்கும். திருச்செங்கோட்டு ரிக் லாரி ராத்திரியெல்லாம் இரையும். முந்நூறு அடி, நானூறு அடி என்று கணக்கு ஏறும், வெறும் புழுதிதான் கிளம்பும். அப்போதெல்லாம் என் மாமா சொல்வார்: "இதே காச வச்சு குவைத்துல தோண்டியிருந்தா எண்ணெயே வந்திருக்கும் மாப்ள." பதினோரு வருடம் குவைத்தில் வெல்டராக இருந்தவர் அவர்.

பிற்பாடு மேஜர் ஃபிராங்க் ஹோம்ஸைப் பற்றிப் படித்தபோது மாமாவின் அந்த வசனம்தான் ஞாபகம் வந்தது. ஹோம்ஸ் 1874-ல் நியூசிலாந்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை, சுரங்கப் பொறியாளர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஆரம்பித்து மலேயா, மெக்சிகோ என்று சுற்றியவர். முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் பொருள் கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தபோதுதான், வளைகுடாவின் அரபுக் கரையில் எண்ணெய் கசிகிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அதன்பிறகு மனுஷனுக்கு வேறு நினைப்பில்லை.

அன்றைய வளைகுடா ஏறக்குறைய இந்தியாவின் வெளித்திண்ணை மாதிரி. புஷெரில் இருந்த பிரிட்டிஷ் அரசியல் ரெசிடென்ட், பஹ்ரைனிலும் குவைத்திலும் இருந்த ஏஜென்ட்கள் எல்லோரும் இந்திய அரசாங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள். கடைவீதியில் புழங்கியது நம் ரூபாய். குவைத்தின் தபால்தலைகூட ஐந்தாம் ஜார்ஜ் முகம் போட்ட இந்தியத் தபால்தலைதான், மேலே 'குவைத்' என்று அடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஷேக்குகளோடு தனியாகப் பேரம் பேச ஒருவர் வந்தால் அதிகாரிகளுக்குப் பிடிக்குமா?

1922-ல் உகைரில் எல்லை மாநாடு. இப்னு சௌதும் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பெர்சி காக்ஸும் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்க, வெள்ளைக் குடையும் தொப்பிமேல் பச்சை வலையுமாக ஹோம்ஸ் வந்து இறங்கினார். காக்ஸின் நெருக்குதலில் காரியம் தள்ளிப்போனது. ஆனாலும் அடுத்த வருடம் மே மாதம் அல்-ஹசா பகுதியின் எண்ணெய் உரிமை ஹோம்ஸின் கைக்கு வந்துவிட்டது. வருட வாடகை 2,000 பவுன். அதைக் கட்டத்தான் அவருடைய நிறுவனத்திடம் பணம் இல்லை. ஆரம்பத்தில் கட்டியதோடு வாடகை நின்றுபோக, உரிமையும் போனது. 1933-ல் அதே மண் அமெரிக்க ஸோகால் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய சவூதியின் எண்ணெய் அங்கிருந்து தொடங்குகிறது.

பஹ்ரைனில் அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அங்கே அவர் எண்ணெய்ப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு ஷேக்குக்குக் குடிநீர்க் கிணறு தோண்டிக் கொடுத்தார். தண்ணீர் தானாகப் பொங்கி வந்தது. வெயிலில் காய்ந்த ஊரில் தண்ணீர் காட்டியவனை யார் சந்தேகப்படுவார்கள்? 1925 டிசம்பரில் எண்ணெய் உரிமை கையெழுத்தானது. எங்கள் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குக் கிடைக்கும் மரியாதையைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்த சிக்கல் லண்டனில். ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனத்தின் நிபுணர்கள் அரபுக் கரையில் எண்ணெய்க்கு வாய்ப்பில்லை என்ற முடிவில் இருந்தார்கள். ஹோம்ஸ் தரப்பே வரவழைத்த சுவிஸ் புவியியலாளர் ஆர்னால்ட் ஹைமும் கையை விரித்துவிட்டார். ஹோம்ஸ் புவியியல் படித்தவர் இல்லை. 'டேட்டா' காட்டு என்று தினமும் கேட்கும் என்னைப் போன்ற ஆள் அந்த மேஜையில் இருந்திருந்தால், நானும் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கடைசியில் அமெரிக்கர்கள்தான் வாங்கினார்கள். 1932 ஜூன் 1, ஜெபல் துகான் அடிவாரத்தில் எண்ணெய் வந்தது.

அதன்பிறகு குவைத்துக்கு அடிதடி. அமெரிக்காவின் கல்ஃப் நிறுவனத்துக்காக ஹோம்ஸ், ஆங்கிலோ-பெர்சியனுக்காக ஆர்ச்சிபால்ட் சிஸம். (கல்ஃப் நிறுவனம் மெல்லன் குடும்பத்துடையது. அந்த ஆண்ட்ரூ மெல்லனே 1932-ல் லண்டனுக்கு அமெரிக்கத் தூதராக வந்து சேர்ந்தார். எண்ணெய்க்கும் ராஜதந்திரத்துக்கும் நடுவே அப்போது சுவரெல்லாம் கிடையாது.) இரண்டு நிறுவனங்களும் ஆளுக்குப் பாதி என்று சமாதானமாக, போட்டியாளர்கள் இருவரும் ஷேக் அஹ்மதுக்கு எதிரே ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். அதுவரை இரண்டு பேரை மோதவிட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்த ஷேக்கின் கையில் இருந்த துருப்புச்சீட்டு அத்தோடு போனது. 1934 டிசம்பர் 23-ல் கையெழுத்து. 75 வருட உரிமை. முன்பணம் 4,75,000 ரூபாய், எண்ணெய் கிடைத்தால் டன்னுக்கு 3 ரூபாய் ராயல்டி. எல்லாம் இந்திய ரூபாயில்.

அதே ஹோம்ஸைத்தான் லண்டனில் தன் பிரதிநிதியாக ஷேக் நியமித்தார். வாங்குகிறவனுக்காகப் பேரம் பேசியவர், விற்றவனின் ஆளாகிப்போனார். 1947 ஜனவரியில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அதை நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படி முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஷேக்கைச் சுற்றி இருந்த வெள்ளைக்காரர்களில் எண்ணெய் இருக்கிறது என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர் ஹோம்ஸ். அடிமட்ட விலைக்கு அதை எழுதி வாங்கிய இருவரில் ஒருவரும் ஹோம்ஸ். புர்கானில் எண்ணெய் கிடைத்தது 1938-ல், முதல் கப்பல் கிளம்பியது 1946-ல். அடுத்த வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மூன்று ரூபாயில் நின்றுவிட்டார்.

"ஒரு டன்னுக்கா?"

"ஆமா மாமா. ஒரு டன்னுன்னா ஏழு பேரலுக்கு மேல."

கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு, "அந்தாளு கெணறு தோண்டிக் குடுத்தாம்ல, அதுக்குக் கூலி வாங்குனானா?" என்று கேட்டார்.

"வாங்குனாரான்னு பாத்துச் சொல்றேன் மாமா" என்றேன். அவர் மோட்டார் போடக் கிளம்பிவிட்டார்.